ஃபோர்ஸா இத்தாலியா: எட்டு சதவீதக் கட்சிக்கு இத்தனை செல்வாக்கு எப்படி?

கேள்வி இதுதான்: இத்தாலியின் முன்னாள் பிரதமர் சில்வியோ பெர்லுஸ்கோனி 2023 ஜூன் 12 அன்று இறந்தபோது அவரோடு அவர் கட்சியும் முடிந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள். ஆனால் ஃபோர்ஸா இத்தாலியா இன்னும் ஆட்சியில் இருக்கிறது, வெளியுறவுத் துறையைக் கையில் வைத்திருக்கிறது, ஐரோப்பியத் தேர்தலில் கூட்டணிக் கட்சியான சால்வினியின் லேகாவையும் முந்தியது. 2022 பொதுத் தேர்தலில் வெறும் 8.1 சதவீதம் வாங்கிய கட்சிக்கு இது எப்படிச் சாத்தியம்?

அதன் பலம் ஓட்டு சதவீதத்தில் இல்லை. கூட்டணித் தொகுதிப் பங்கீடு, நாடாளுமன்றப் பெரும்பான்மைக் கணக்கு, ஐரோப்பிய மக்கள் கட்சியின் (ஐரோப்பிய அளவிலான மிதவாத வலதுசாரிக் கட்சிகளின் குழு) உறுப்பினர் அட்டை ஆகிய மூன்றும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. பலவீனம் பணத்தில் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பிறப்பு. 1992 பிப்ரவரி 17 அன்று மிலானில் மாரியோ கியேஸா என்ற சோஷலிஸ்ட் நிர்வாகி லஞ்சப் பணத்தோடு பிடிபட்டார். அங்கிருந்து தொடங்கிய விசாரணைகள் இரண்டே ஆண்டில் நாட்டின் பழைய ஆளும் கட்சிகளைக் காலி செய்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆட்சியில் இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1994 ஜனவரியில் கலைந்தது. சோஷலிஸ்ட் தலைவர் பெத்தினோ கிராக்சி துனிசியாவுக்கே போய்விட்டார். அக்கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டுவந்த கோடிக்கணக்கான மிதவாதிகளுக்கு, கம்யூனிஸ்டுகளின் வாரிசுக் கட்சிக்கு ஓட்டுப் போட மனமில்லாதவர்களுக்கு, போக இடமில்லாமல் போனது. அதே நேரத்தில் 1993-இல் தேர்தல் சட்டமும் மாறியது: கீழவையின் 630 இடங்களில் 475 தொகுதிகளில் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி, 155 இடங்களுக்கு மட்டும் விகிதாசாரம். இந்த முறையில் தனித்தனியாக நின்றால் தோல்வி நிச்சயம். கூட்டணி கட்டத் தெரிந்தவருக்கே ஆட்சி.

பெர்லுஸ்கோனி மூன்று தனியார் தொலைக்காட்சிகளுக்கும் ஏசி மிலான் கால்பந்து அணிக்கும் சொந்தக்காரர். 1994 ஜனவரியில் கட்சியைப் பதிவு செய்து, 26-ஆம் தேதி முன்கூட்டியே பதிவுசெய்த ஓர் உரையைத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பி அரசியலுக்கு வந்தார். இரண்டே மாதத்தில், மார்ச் 27, 28 தேதிகளில் நடந்த தேர்தலில் 21 சதவீதத்தோடு முதல் கட்சி. இதைத் தொலைக்காட்சி மாயம் என்று மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி கூட்டணி வேலை. வடக்கே பிரிவினை பேசிய உம்பெர்தோ போஸ்ஸியின் லேகாவும், தெற்கே முசோலினி மரபிலிருந்து வந்த ஜான்ஃபிராங்கோ ஃபீனியின் கட்சியும் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பார்க்காதவை. அவர் வடக்கே லேகாவோடு ஒரு கூட்டணி, தெற்கே ஃபீனியோடு வேறு பெயரில் இன்னொரு கூட்டணி என்று இரண்டைக் கட்டினார். இரண்டுக்கும் பொதுவான பெரிய கட்சி ஃபோர்ஸா இத்தாலியா. தேர்தலில் வென்ற அந்த ஒட்டுவேலை ஆட்சியில் எட்டு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. டிசம்பரில் லேகா ஆதரவை விலக்கிக்கொள்ள, அவர் ராஜினாமா செய்தார்.

கட்சியைக் கட்டிய விதம் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். வேட்பாளர் தேடலிலும் அமைப்பு வேலையிலும் முன்னின்றது அவருடைய விளம்பர நிறுவனமான புப்ளிதாலியா. அதை நடத்தியவர் மார்ச்செல்லோ டெல்லூத்ரி (பிற்பாடு 2014-இல் மாஃபியாவுக்கு வெளியிலிருந்து துணைபோன குற்றத்துக்காக ஏழாண்டு தண்டனை உறுதியானவர்). விளம்பர நேரம் விற்ற மேலாளர்கள் தங்கள் வட்டாரங்களில் வேட்பாளர்களைத் தேடினார்கள். கருத்துக்கணிப்பை வைத்துப் பிரச்சார வாசகங்களைத் தேர்ந்தார்கள். ஊர் ஊராக மன்றங்கள் முளைத்தன. ஆனால் மன்றத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ கட்சிக் கொள்கையில் பங்கோ கிடையாது. முதல் தேசிய மாநாடே 1998 ஏப்ரலில்தான், மிலானுக்குப் பக்கத்தில் அஸ்ஸாகோவில் நடந்தது. பிறந்து நான்கு ஆண்டுகள், ஒரு பிரதமர் பதவி, இரண்டு பொதுத் தேர்தல்கள் ஆன பிறகு.

எண்களைப் பார்க்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இந்தப் பெயரில் இரண்டு கட்சிகள் உண்டு, நடுவில் வேறொரு கட்சி. முதல் ஃபோர்ஸா இத்தாலியா 1994 முதல் 2009 வரை. 2007 நவம்பரில் மிலானின் சான் பாபிலா சதுக்கத்தில் காரின் படியில் ஏறி நின்று பெர்லுஸ்கோனி புதுக் கட்சியை அறிவித்தார். அதன்படி ஃபீனியின் தேசியக் கூட்டணிக் கட்சியும் ஃபோர்ஸா இத்தாலியாவும் சேர்ந்து 'சுதந்திர மக்கள்' என்ற கட்சியாயின. அது 2013 நவம்பரில் உடைந்தபோது பழைய பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டார். ஆகவே 2006-இன் 23.7 சதவீதம் 2008-இல் 37.4 ஆனதைப் பெரும் வளர்ச்சி என்று எழுதுவது பிழை: 2006-இல் ஃபீனி கட்சி தனியாக 12.3 வாங்கியிருந்தது. இரண்டையும் கூட்டினாலே 36 வந்துவிடும். பொதுத் தேர்தல்களில் உண்மையான உச்சம் 2001-இல்: 29.4 சதவீதம், ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் ஓட்டு. அந்தத் தேர்தலில் சிசிலியின் 61 தொகுதிகளையும் அவர் கூட்டணி ஒன்றுவிடாமல் வாரியது. 2022-இல் கட்சியின் மொத்த ஓட்டு 23 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

2001 வெற்றிக்கு முன் மே 8 அன்று புரூனோ வெஸ்பாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'இத்தாலியர்களோடு ஒப்பந்தம்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டார்: வரிக் குறைப்பு, குற்றக் குறைப்பு, குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 10 லட்சம் லீரா (யூரோவுக்கு முந்தைய நாணயம்), 15 லட்சம் புதிய வேலைகள், பெரும் பொதுப்பணிகளில் குறைந்தது 40 சதவீதத்தைத் தொடங்குவது. ஐந்தில் நான்கையாவது நிறைவேற்றாவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்க மாட்டேன் என்றும் அதில் எழுதியிருந்தது. ஓய்வூதியம் 2002 ஜனவரியில் 70 வயது தாண்டிய வறியோருக்கு 516 யூரோவாக உயர்ந்தது. மற்றவை நிறைவேறினவா இல்லையா என்பதில் சண்டை இன்றுவரை ஓயவில்லை. அவர் 2006-இலும் நின்றார். அதுவரை குடியரசு வரலாற்றில் மிக நீண்ட காலம் ஓடிய அமைச்சரவை, 1,412 நாட்கள், இந்தக் காலத்துடையதுதான்.

அவர் பாணிக்கு இன்னொரு நல்ல உதாரணம் வீட்டு வரி. 2006 ஏப்ரல் தொலைக்காட்சி விவாதத்தின் கடைசி நொடிகளில், எதிராளி பிரோதிக்குப் பதில் சொல்ல நேரமே இல்லாத இடத்தில், குடியிருக்கும் முதல் வீட்டுக்கான சொத்து வரியை ஒழிப்பேன் என்றார். கருத்துக்கணிப்பில் பின்தங்கியிருந்தவர் கீழவையில் சுமார் 25,000 ஓட்டில்தான் தோற்றார். 2008-இல் வென்றதும் வரியை ஒழித்தும்விட்டார். சொந்த வீடு வைத்திருப்பவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் இது எப்படிப்பட்ட ஆயுதம் என்று விளக்க வேண்டியதில்லை. 2011 கடன் நெருக்கடியில், அவருக்குப் பின் வந்த மாரியோ மொந்தியின் அரசு அதை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தது.

சரிவின் வரலாறு நீளமானது, சுருக்கிவிடுகிறேன். 2010-இல் ஃபீனி பிரிந்தார். 2011 நவம்பரில் பெர்லுஸ்கோனி பதவி விலகினார். 2012 டிசம்பரில், பிற்பாடு பிரதமரான ஜியோர்ஜா மெலோனி, லா ரூஸ்ஸா, குரொசெத்தோ வெளியேறி 'இத்தாலியின் சகோதரர்கள்' கட்சியைத் தொடங்கினார்கள். 2013 ஆகஸ்டில் வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை உறுதியாகி, நவம்பரில் செனட்டிலிருந்து நீக்கப்பட்டார். 2018-இல் லேகா 17.4, ஃபோர்ஸா இத்தாலியா 14. கூட்டணித் தலைமை அன்று கைமாறியது, பிறகு திரும்பவில்லை. கட்சிக்கு அடுத்த தலைவர் என்று பேசப்பட்ட ஒவ்வொருவரும், அல்ஃபானோ உட்பட, ஒன்று ஓரங்கட்டப்பட்டார்கள் அல்லது வெளியே போனார்கள்.

இனி இன்றைய கணக்கு. 2020 மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு கீழவை 400, செனட் 200. கீழவையில் 147 இடங்கள் தனித்தொகுதிகள் (அதிக ஓட்டு வாங்கும் ஒருவர் வெல்லும் தொகுதிகள்), 245 விகிதாசாரம், 8 வெளிநாடு வாழ் இத்தாலியர்களுக்கு. வாக்குச் சீட்டில் மேலே தொகுதி வேட்பாளரின் பெயர், அதற்குக் கீழே அவரை ஆதரிக்கும் கட்சிகளின் சின்னங்கள், ஒவ்வொரு சின்னத்துக்கும் பக்கத்தில் இரண்டு முதல் நான்கு பெயர்கள். சின்னத்தில் பெருக்கல் குறி போட்டால் ஓட்டு கட்சிக்கும் வேட்பாளருக்கும் சேரும். வேட்பாளர் பெயரில் மட்டும் போட்டால், அந்த ஓட்டு கூட்டணிக் கட்சிகளுக்குள் அவரவர் பலத்துக்கு ஏற்பப் பங்கிடப்படும். ஒரு கூட்டணி வேட்பாளருக்கும் வேறு கூட்டணிக் கட்சிக்கும் குறி போட்டால் சீட்டு செல்லாது. பட்டியலில் உள்ள பெயர்களின் வரிசையை வாக்காளர் மாற்ற முடியாது. யார் உள்ளே போவார் என்பதைத் தலைமையே முடிவு செய்கிறது. கட்சிக்கு 3 சதவீதத் தடை. 1-க்கும் 3-க்கும் இடையில் நின்றால் ஓட்டு கூட்டணிக்குப் பயன்படும், 1-க்குக் கீழே போனால் வீண்.

முக்கியமான இடம் இங்கேதான். தனித்தொகுதிகளில் கூட்டணிக்கு ஒரே வேட்பாளர் என்பதால், எந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கு என்று தேர்தலுக்கு முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். 2022 ஜூலை இறுதியில் வலதுசாரிக் கூட்டணி இரு அவைகளின் 221 தொகுதிகளையும் இப்படிப் பிரித்தது: மெலோனிக்கு 98, லேகாவுக்கு 70, ஃபோர்ஸா இத்தாலியாவும் அதோடு இணைந்த சிறு கட்சியும் சேர்ந்து 42, மற்ற மிதவாதச் சிறு கட்சிகளுக்கு 11. அன்றைய கருத்துக்கணிப்பில் ஃபோர்ஸா இத்தாலியாவைவிட லேகா தெளிவாக முன்னால் இருந்தது. செப்டம்பர் 25 அன்று ஓட்டு எண்ணியபோது லேகா 8.8, ஃபோர்ஸா இத்தாலியா 8.1, கிட்டத்தட்டச் சமம். விகிதாசாரத்தில் லேகாவுக்கு 23 இடம், இவர்களுக்கு 22. ஆனால் தனித்தொகுதிகளில் லேகாவுக்கு 42, இவர்களுக்கு 23. வெளிநாடு வாழ் இத்தாலியர் தொகுதியில் லேகாவுக்குக் கிடைத்த ஓர் இடத்தையும் சேர்த்தால், முடிவில் கீழவையில் 66-க்கு 45. முக்கால் சதவீதம்கூட இல்லாத ஓட்டு வித்தியாசத்துக்கு 21 இடம் வித்தியாசம்! 1 சதவீதத்தைக்கூட எட்டாத 'நாங்கள் மிதவாதிகள்' பட்டியல், விகிதாசாரத்தில் ஓட்டு வீணாகியும், தொகுதிப் பங்கீட்டில் 7 இடம் பெற்றது. இத்தாலியில் கூட்டணிப் பேச்சுவார்த்தை மேசையில் வாங்குவது வாக்குச்சாவடியில் வாங்குவதைவிடச் சில நேரம் பெரிது.

இந்தப் பங்கீட்டில் ஃபோர்ஸா இத்தாலியா அடிபட்டது உண்மை. அப்படியிருந்தும் அது இல்லாமல் ஆட்சி நிற்காது. கூட்டணி வென்றது 237. அதில் 45-ஐக் கழித்தால் 192, பெரும்பான்மைக்கு 201 வேண்டும். செனட்டிலும் அதன் 18 பேர் விலகினால் பெரும்பான்மை போய்விடும். நம்பிக்கை வாக்கெடுப்பு பெயர் கூப்பிட்டு வெளிப்படையாக நடப்பதால் எதிர்க்கட்சியிலிருந்து யாரும் கமுக்கமாகக் கை கொடுக்கவும் முடியாது. ரகசிய வாக்கெடுப்பில் கதை வேறு. 2022 அக்டோபர் 13 அன்று செனட் தலைவர் தேர்தலில், அமைச்சர் பதவி பேரத்தில் கோபம் கொண்டு ஃபோர்ஸா இத்தாலியா செனட்டர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஓட்டுப் போடாமல் இருந்தார்கள். லா ரூஸ்ஸா 116 ஓட்டோடு வென்றார். எதிரணியிலிருந்து யாரோ போட்டிருக்கிறார்கள். மிரட்டல் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று கட்சி அன்றே கற்றுக்கொண்டது.

பலித்த இடம் ஒன்று: 2023 ஆகஸ்ட் 7 அன்று மெலோனி அரசு வங்கிகளின் மிகை வட்டி லாபத்துக்கு 40 சதவீத வரி அறிவித்தது. மறுநாள் வங்கிப் பங்குகள் சரிந்தன. ஃபோர்ஸா இத்தாலியா திருத்தம் கேட்டு நின்றது. கடைசியில் வந்த வடிவத்தில், வரித் தொகையின் இரண்டரை மடங்கைத் தன் இருப்பில் ஒதுக்கி வைக்கும் வங்கி வரி கட்ட வேண்டாம் என்றாயிற்று. பெரிய வங்கிகள் அந்த வழியையே பிடித்தன. பெர்லுஸ்கோனி குடும்பத்தின் ஃபின்இன்வெஸ்ட் நிறுவனத்துக்கு மெதியோலானும் வங்கியில் சுமார் 30 சதவீதப் பங்கு இருப்பதை எதிர்க்கட்சிகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

மூன்றாவது தூண் பிரஸ்ஸல்ஸ். மெலோனி கட்சி ஐரோப்பியப் பழமைவாதிகள் குழுவில் இருக்கிறது, லேகா பிரான்சின் தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென்னோடு. ஐரோப்பாவின் மிகப் பெரிய குழுவான மக்கள் கட்சியில் இருக்கும் பெரிய இத்தாலியக் கட்சி ஃபோர்ஸா இத்தாலியாதான், 1999 முதலே. பெர்லுஸ்கோனிக்குப் பின் கட்சித் தலைமையேற்ற அந்தோனியோ தயானி அங்கே வளர்ந்த ஆள்: ஐரோப்பிய ஆணையத்தில் ஆணையர், பிறகு 2017 முதல் 2019 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவர். 2024 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் பதவிக்கு ஃபொன் டெர் லையனுக்கான வாக்கெடுப்பில் மெலோனி கட்சியும் சால்வினி கட்சியும் எதிர்த்து ஓட்டுப் போட்டபோது, அரசுக் கூட்டணியில் ஆதரித்தது இவர்கள் மட்டும். பெர்லுஸ்கோனியின் கடைசி ஆண்டுகளில் இந்த உறவே ஆட்டம் கண்டது. புட்டின் தனக்கு வோட்கா அனுப்பியதையும் தான் பதிலுக்கு ஒயின் அனுப்பியதையும் பற்றி அவர் பேசிய ஒலிப்பதிவு கசிந்தது. செலென்ஸ்கியைப் பற்றி அவர் பேசிய பேச்சால் நேப்பிள்ஸில் நடக்க இருந்த மக்கள் கட்சிக் கூட்டம் ரத்தானது. கொஞ்சம் கசப்பான உண்மைதான்: ஐரோப்பிய விஷயத்தில் நிறுவனர் போனது கட்சிக்கு வேலையை எளிதாக்கியது. 2024 ஐரோப்பியத் தேர்தலில் 9.6 சதவீதம், லேகா 9.

அதே தேர்தலில் வாக்காளர் வேட்பாளர் பெயரை எழுதித் தேர்ந்தெடுக்கலாம். ஊரில் ஆள்பலம் உள்ளவருக்கு அது சாதகம். ஃபோர்ஸா இத்தாலியாவிடம் இப்போது மிச்சமிருக்கும் சொத்தே அந்த ஆட்கள்தான்: கலாப்ரியாவில் ரொபேர்தோ ஒக்கியுத்தோ, பியெமோந்தேவில் அல்பேர்தோ சீரியோ, சிசிலியில் ரெனாத்தோ ஸ்கிஃபானி, பஸிலிக்காதாவில் வீத்தோ பார்தி என்று பிராந்தியத் தலைவர்கள். மிலானில் பிறந்த கட்சியின் எடை மெல்லத் தெற்கே நகர்ந்துவிட்டது. 2024 பிப்ரவரி மாநாட்டில் தயானியைச் செயலாளராக உறுதிசெய்தபோது ஒக்கியுத்தோவும் சீரியோவும் துணைச் செயலாளர்கள் ஆனதற்குக் காரணம் இதுவே.

கொள்கையில் கூட்டாளிகளோடு ஒத்துப்போகும் இடங்களும் உண்டு, உரசும் இடங்களும் உண்டு. நீதித்துறையில் நீதிபதி, அரசு வழக்கறிஞர் பணிகளைத் தனித்தனியாகப் பிரிப்பது கட்சியின் பழைய கோரிக்கை. 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத் திருத்தமாக நிறைவேற்றியது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் மக்கள் வாக்கெடுப்புக்குப் போக வேண்டியதாயிற்று. உரசல் அதிகம் குடியுரிமையில்தான். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பிள்ளை இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்திருந்தால் 18 வயதில், ஓராண்டுக்குள், விண்ணப்பிக்க வேண்டும். பலெர்மோவில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் உட்பட லட்சக்கணக்கானோர் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். பத்தாண்டுப் பள்ளிப்படிப்பை முடித்தவருக்குக் குடியுரிமை என்று தயானி 2024-இல் முன்வைத்தார். மெலோனியும் சால்வினியும் ஒத்துக்கொள்ளவில்லை, அது சட்டமாகவில்லை. மறுபக்கம், கொள்ளுத்தாத்தா இத்தாலியர் என்று தென் அமெரிக்காவிலிருந்து வரும் விண்ணப்பங்களைத் தடுக்க, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி அளவோடு நிறுத்தும் அவசரச் சட்டத்தை 2025 மார்ச்சில் கொண்டுவந்து நிறைவேற்றியவரும் அவரே. முதலாவதில் கூட்டாளிகள் எதிர்த்தார்கள், இரண்டாவதில் எதிர்க்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது பணம். 2014 சட்டம் கட்சிகளுக்கு அரசு நேரடியாகத் தந்த நிதியை நிறுத்தி, தனிநபர் நன்கொடைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் யூரோ உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பதிலாக வரி செலுத்துவோர் தம் வருமான வரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கை விரும்பிய கட்சிக்கு ஒதுக்கலாம். இதில் எதிர்க்கட்சியான மத்திய இடதுசாரி ஜனநாயகக் கட்சிக்குக் கொட்டுகிறது. ஃபோர்ஸா இத்தாலியாவுக்கு ஓட்டுக்கு ஏற்ற பங்குகூட வருவதில்லை. உறுப்பினர் கட்டமைப்பே இல்லாமல் பிறந்த கட்சிக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே. பற்றாக்குறையைப் பெர்லுஸ்கோனி தன் சொந்த உத்தரவாதத்தின் பேரில் வாங்கிய கடனால் அடைத்தார். அது ஏறத்தாழ 9 கோடி யூரோவுக்கு வளர்ந்து, அவர் இறந்தபின் பிள்ளைகள் கைக்கு வந்தது. குடும்பத்தார் உச்சவரம்பு வரை நன்கொடையும் தருகிறார்கள். சின்னத்தில் இன்னும் பெர்லுஸ்கோனி பெயர் இருக்கிறது.

ஆகவே கட்சிச் செயலாளர் மாநாட்டில் தேர்வானாலும், கட்சிக்குக் கடன் கொடுத்த குடும்பம் மிலானில் இருக்கிறது. மூத்த மகள் மரீனா பேட்டியில் ஒரு வரி சொன்னால் மறுநாள் கட்சி அதற்கு விளக்கம் தருகிறது. 2025 ஜூலையில் மகன் பியர் சில்வியோ, கட்சிக்குப் புது முகங்களும் புதுத் திட்டமும் தேவை என்றபோது தயானியின் நாற்காலி பற்றிய பேச்சு உடனே கிளம்பியது. குடும்பம் கடனைத் திருப்பிக் கேட்டால் கட்சி திவால்; ஆனால் கேட்டால் குடும்பத்துக்கும் கூட்டணிக்குள் இருக்கும் குரல் போய்விடும். இரு தரப்புக்கும் இது தெரியும் என்பதால் நிலைமை அசையாமல் நிற்கிறது. 2027-க்குள் வர வேண்டிய பொதுத் தேர்தலுக்குத் தொகுதிப் பங்கீடு பேச உட்காரும்போது ஃபோர்ஸா இத்தாலியா கையில் கொண்டுபோகும் காகிதம், 2024-இல் தனக்கு 9.6, லேகாவுக்கு 9 என்ற கணக்கு. தேர்தல் சட்டமே மாறித் தனித்தொகுதிகள் இல்லாமல் போனால் அந்தக் காகிதத்துக்கும் மதிப்பில்லை. பட்டியலில் சின்னத்துக்கு நேராக விழும் ஓட்டை மட்டும் எண்ணுவார்கள்.